பட்டம் பரம்பரைச் சொத்தா?

துருக்கி தேசத்தில் ஒரு குடும்பப் பெயர் உண்டு. அந்தத் தேசத்தில் இன்று 8 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்தும், அதைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருப்பவர் ஒருவர்கூடக் கிடையாது. வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாலும் சட்டம் இடங்கொடுக்காது. அப்பெயர் "அத்தாதுர்க்" என்பதாகும். "அத்தா" என்றால் அந்தப் பாஷையில் தகப்பன். நமது தஞ்சை ஜில்லா ராவுத்தர் வீடுகளிலும் பிள்ளைகள் தகப்பனாரை "அத்தா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆகவே "துருக்கியரின் தகப்பன்" என்பதே அந்தப் பெயரின் அர்த்தம். 1934ம் வருஷம் நவம்பர் மாதம் 24ந் தேதி துருக்கிச் சட்டசபை ஒரு தனிச் சட்டம் செய்து, நம்மவர்கள் கமால் பாட்சா என்று அழைத்துவந்த முஸ்தபா கமாலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது. அடுத்த மாதம் 17ந் தேதி, வேறு எவரும் அதைப் பெயராக வைத்துக்கொள்ளக் கூடாதென்று இன்னொரு சட்டமும் செய்தது. கூடப் பிறந்த தங்கைக்குக்கூட அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அந்த அம்மைக்கு "அத்தாதான்" என்று வேறு பெயர் கொடுக்கப்பட்டது. 1938 நவம்பர் 10ந் தேதி அவர் இறந்தார். அந்தப் பெயரும் அவரோடு முடிந்துபோயிற்று.

துருக்கிக்காரன் பெயரைப் பற்றித் தஞ்சாவூர்க் குடியானவனுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை இருக்கின்றது என்றே சொல்லுகின்றோம். எப்படியெனில், ஒருவன் தன் காரியத்தால் சம்பாதித்த பட்டம் அவனோடு முடியவேண்டியதா, அல்லது அவனுடைய மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று ஒரு காரியமும் செய்யாதவர்களுக்கெல்லாம் நஞ்சை நிலம் இறங்குவதுபோல் இறங்கவேண்டியதா என்பதுதான் இங்கே கேள்வி. இந்தக் கேள்விக்குத் துருக்கியர் ஒருவிதமாகப் பதில் சொன்னார்கள். காவேரிக் கரையிலிருக்கும் நாம் வேறுவிதமாகப் பதில் சொல்லிக்கொண்டு வருகின்றோம்.

முதலில் துருக்கியின் சங்கதியைப் பார்ப்போம். 1934க்கு முன் அங்கே முஸ்லிம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. இன்னாருடைய மகன், இன்ன ஊரான், இன்ன தொழில் செய்பவன், நொண்டி, கருப்பன் என்று அடையாளம் சொல்லித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே கிராமத்தில் பத்து மகமது, பத்து அலி இருந்தால் பட்டாளத்திற்கு ஆள் எடுக்கிறவனும் வரி வசூலிக்கிறவனும் திண்டாட வேண்டியதுதான். இதற்காக 1934 ஜூன் 21ந் தேதி குடும்பப் பெயர்ச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். 1935 ஜனவரி 2ந் தேதி அது அமுலுக்கு வந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயரைத் தெரிந்தெடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டியது. தெரிந்தெடுக்காதவர்களுக்கு அதிகாரிகளே ஒரு பெயரைப் போட்டுவிடுவார்கள். ஜனங்கள் "யில்மாஸ்" என்றும், "காயா" என்றும், "டெமிர்" என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். அஞ்சாதவன், பாறை, இரும்பு என்பவை இவற்றின் அர்த்தங்கள். இன்றும் அங்கே தடுக்கி விழுந்தால் இந்தப் பெயர்க்காரர்கள் மீதுதான் விழவேண்டும். அவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பதவியைக் காட்டும் பெயர், கோத்திரத்தைக் காட்டும் பெயர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாதென்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அது போதாதென்று அதே வருஷம் நவம்பர் 26ந் தேதி மற்றொரு சட்டம் செய்து எபெண்டி, பே, பாட்சா, ஆகா, ஹாஜி, முல்லா ஆகிய பட்டங்களை எல்லாம் ஒரே நாளில் ஒழித்துவிட்டார்கள். அதாவது, கமால் பாட்சா தம்முடைய "பாட்சா"வையும் சேர்த்தே ஒழித்தார். அவர் விட்டுவிட்ட பட்டத்தை இன்னும் விடாமல் அவருக்குச் சூட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம்தான். பட்டம் என்றால் நமக்கு அவ்வளவு ஆசை!

நிற்க. நமது ஜில்லாவின் சங்கதிக்கு வருவோம். தஞ்சாவூர்ப் பெரிய கோவில் சுவர்களில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோவிலைக் காட்டிச் சோழர் பெருமை பேசுகிறவர்கள் அவற்றைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். கோவில் காரியங்களைக் கவனித்த அதிகாரி ஆதித்தன் சூரியன். அவருக்குத் "தென்னவன் மூவேந்த வேளான்" என்று பட்டம். திருச்சுற்று மாளிகை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் ராமன்; அவருக்கு "மும்முடிச்சோழ பிரமராயன்" என்று பட்டம். தச்சன் குஞ்சரமல்லன், அவருக்கு "ராஜராஜப் பெருந்தச்சன்" என்று பட்டம். பெற்றோர் வைத்த பெயர் முன்னால், அரசன் கொடுத்த பெயர் பின்னால். அப்படிக் கொடுத்த பட்டங்களில் பலவற்றில் அரசன் பெயரே ஏறியிருக்கும். மாட்டின்மேல் சூடு போட்டால் அது யார் வீட்டு மாடு என்று தெரிவதுபோல், அந்தப் பெயரைக் கேட்டால் அது யாருடைய ஆள் என்று தெரியும். நொபோரு கராஷிமா என்ற ஜப்பானிய ஆராய்ச்சிக்காரரும், நமது நாட்டு எ. சுப்பராயலு அவர்களும், தோரு மத்சுயி என்பவரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளிலுள்ள ஆட்பெயர்களைத் தொகுத்து 1978ல் 3 பாகங்களாக வெளியிட்டார்கள். சந்தேகமுள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே பட்டம் என்பது அன்று ஒரு தனி ஆளுக்கு, ஒரு காரியத்திற்காக, ஒரு எஜமானன் கொடுத்த கூலி. தச்சனுக்கும் கிடைத்தது, சேனாபதிக்கும் கிடைத்தது. அது எப்படியோ நாளடைவில் பிள்ளைக்குப் பிள்ளை இறங்கி, ஜாதியின் சொத்தாகப் போய்விட்டது. குலோத்துங்கன் காலத்தில் படைத்தலைவன் நரலோகவீரனுக்குக் "காலிங்கராயன்" என்று பட்டம் இருந்தது. கலிங்கத்தின்மேல் படையெடுத்த கருணாகரனுக்குத் "தொண்டைமான்" என்று பட்டம் இருந்தது. இன்று ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கங்களில் காலிங்கராயர், பல்லவராயர், மழவராயர், சேதுராயர், வாண்டையார் என்று எத்தனையோ பட்டங்கள் வழங்குகின்றன. சில பட்டங்கள் ஒரு சில கிராமங்களுக்கு அப்பால் கேள்விப்படாதவை. "ராயர்" என்பது "அரையர்" என்பதிலிருந்து வந்தது. அரசன் என்று அர்த்தம். கலிங்கத்தை ஆளாத, கலிங்கம் எந்தத் திசையிலிருக்கிறது என்று கேட்டால் யோசித்துச் சொல்லவேண்டிய ஒரு தோழர் எப்படிக் கலிங்கத்தரசர் ஆவார் என்று நாம் கேட்கின்றோம்.

இது ஒரு ஜாதியாருக்கு மாத்திரம் சொல்லுவதல்ல. மூப்பனார் என்றால் மூத்தவர். நேற்றுப் பிறந்த குழந்தையும் மூப்பனார். பிள்ளை என்றால் குழந்தை. எண்பது வயதுக் கிழவரும் பிள்ளை. சாஸ்திரத்தைக் கண்ணால் பாராதவர் சாஸ்திரி. யாகத்திற்குத் தீட்சை பெறாதவர் தீட்சிதர். முதலியார் என்றால் முதன்மையானவர். கடைசியில் உட்கார்ந்திருப்பவரும் முதலியார். ஒரு குழிநிலம்கூட இல்லாதவர் உடையார். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். குதிரை போய்விட்டது, லாடம் போய்விட்டது, பட்டம் மாத்திரம் நிற்கின்றது. அர்த்தம் செத்து எத்தனையோ நூற்றாண்டாகியும் பிணத்தை எடுக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கின்றோம்.

நமது டெல்டாவில் பட்டங்களுக்கெல்லாம் மேலான பட்டம் ஒன்று உண்டு. அது "மிராசுதார்" என்பது. இந்த "மிராசு" என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. வாரிசாகக் கிடைத்த சொத்து என்று அதற்கு அர்த்தம். துருக்கியிலும் "மிராஸ்" என்றால் அதே அர்த்தம்தான். உழுகிறவன், விதைக்கிறவன், அறுக்கிறவன் என்ற அர்த்தம் அதில் எள்ளளவும் கிடையாது. வாரிசாய் வந்தவன் என்பதே அந்த மரியாதையின் முழு விலாசம். நிலத்தை இப்படி அனுபவித்த கூட்டம் மானத்தையும் அதே வழியில் அனுபவிக்க ஆசைப்பட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒருவனுக்கு மானம் பரம்பரையாய் இறங்குவதென்றால், இன்னொருவனுக்கு அவமானம் பரம்பரையாய் இறங்கித்தான் ஆகவேண்டும். மனுதர்மத்தின் 2வது அத்தியாயம் 31, 32வது சுலோகங்களைப் பாருங்கள். பிராமணனுக்கு மங்களகரமான பெயர், க்ஷத்திரியனுக்குப் பலத்தைக் காட்டும் பெயர், வைசியனுக்குச் செல்வத்தைக் காட்டும் பெயர், சூத்திரனுக்கு இழிவைக் காட்டும் பெயர் என்று அதில் விதித்திருக்கிறது. நான்காவது வருணத்திற்கே இந்தக் கதி. வருணத்திற்கே சேராதவர்கள் என்று தள்ளப்பட்டவர்களின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. நமது பக்கத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டுங்கள். மேல்ஜாதிக்காரர் பட்டமெல்லாம் "ஆர்" என்று முடியும். பண்ணையாளின் பெயருக்குப் பின்னாலும் ஜாதி இருக்கும். ஆனால் அது "அன்" என்று முடியும். ஒரே பத்திரத்தில், ஒரே வரியில், ஒருவருக்கு ஆர், ஒருவனுக்கு அன்! இலக்கணத்திலேயே ஒருவன் திண்ணையிலும் ஒருவன் வாசலிலும் நிற்கின்றான்.

இது வெறும் எழுத்துச் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு, அன்று தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழவெண்மணியில், கூலி நெல் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் சேரியில் ஒரு குடிசைக்குள் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமாக 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். 1973ல் சென்னை ஹைக்கோர்ட்டு நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தபோது, இவ்வளவு நிலபுலமுள்ளவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்பதாக ஒரு காரணமும் சொல்லப்பட்டது. பரம்பரை மரியாதை கோர்ட்டு வாசற்படியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டுமா? செத்துப்போன 44 பேரில் ஒருவருக்காவது ராயர் என்றோ உடையார் என்றோ ஒரு பட்டம் இருந்திருக்குமா?

இதையெல்லாம் எண்ணித்தான் நமது இயக்கம் ஆரம்பத்திலேயே வாலில் கை வைத்தது. 1927 டிசம்பரில் பெரியார் தமது பெயரிலிருந்த "நாயக்கர்" என்பதை எடுத்தெறிந்தார். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கற்பட்டில் சவுந்தரபாண்டியன் அவர்கள் தலைமையில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டில், ஜாதிப் பட்டங்களையும் ஜாதிக்குறிகளையும் விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. சிவகங்கை ராமச்சந்திரன் அவர்கள் "சேர்வை"யை அங்கேயே விட்டார். ஐரோப்பியச் சுற்றுப்பிரயாணத்தில் துருக்கியையும் ருஷியாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியார், 1932ல் ஸ்ரீமான், திருவாளர், மகா-ள-ஸ்ரீ எல்லாவற்றையும் விட்டு "தோழர்" என்றே எல்லோரையும் அழைப்போம் என்றார். துருக்கியின் பட்ட ஒழிப்புச் சட்டம் வந்தது இதற்கு 2 வருஷம் கழித்து என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அங்கே அதைச் செய்தது சர்க்கார். இங்கே செய்தது கையில் அதிகாரமில்லாத ஒரு கூட்டம்.

சுதந்திர இந்தியாவின் சர்க்கார் என்ன செய்தது? அரசியல் சட்டத்தின் 18வது பிரிவு, சர்க்கார் இனிமேல் பட்டம் கொடுக்கக் கூடாதென்கிறது. ராவ்பகதூரும் திவான்பகதூரும் ஒழிந்தார்கள், மெத்த சந்தோஷம். 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்தோம் என்கிறது. ஆனால் ஜாதியை ஒழித்தோம் என்று ஒரு பிரிவும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம் போயிற்று. மனு கொடுத்த பட்டம் நின்றது. இதற்காகவே 1957 நவம்பர் 3ந் தேதி நமது தஞ்சாவூரில் கூடிய மகாநாடு, ஜாதியைக் காப்பாற்றும் சட்டப் பகுதிகளைக் கொளுத்துவதென்று முடிவு செய்தது. நவம்பர் 26ந் தேதி கொளுத்தி ஆயிரக்கணக்கான தோழர்கள் சிறைக்குப் போனார்கள்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. இந்தியாவின் மற்ற மாகாணங்களில் படித்தவர்களெல்லாம் வாலோடு உலாவும்போது, தமிழ்நாட்டில் மாத்திரம் ஒரு முதலெழுத்தும் ஒரு பெயருமாக மனிதன் நிற்கின்றான். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதய்யரைத் தமிழுலகம் "உ. வே. சா." என்று மூன்றெழுத்தில் அறிகிறது. ஊரும் இருக்கிறது, தகப்பனாரும் இருக்கிறார், தாமும் இருக்கிறார். வால் இல்லாததால் அவருடைய பெருமையில் ஒரு குன்றிமணி குறைந்துபோயிற்றா? இதற்கு மாறாக, கபிஸ்தலத்தில் 1931ல் பிறந்து 2001ல் காலமான தலைவர் ஒருவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் கருப்பையா. அந்தப் பெயர் ஒரு முதலெழுத்துக்குள் ஒடுங்கி, மூப்பனார் என்ற பட்டமே நாட்டுக்கு அவருடைய பெயராயிற்று. அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இடங்கொடுத்தால் பட்டம் ஆளையே விழுங்கிவிடும் என்பதைக் காட்டவே எழுதுகின்றோம்.

ஆனால் தோழர்களே, ஜெயித்துவிட்டோம் என்று தூங்குவதற்கில்லை. ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் வாலை மடித்துக் கட்டிக்கொள்ளுகிறவர்கள், கலியாணப் பத்திரிகை அச்சடிக்கும்போது அதை அவிழ்த்துத் தொங்கவிடுகிறார்கள். உறை பிரித்தவுடன் தாத்தா முதல் தாய்மாமன் வரை அத்தனை பேருக்கும் வால். காதுகுத்துப் பந்தலிலும் கண்ணீர் அஞ்சலித் தட்டியிலும் வால். இவற்றைப் பார்த்து வளருகிற பையன்கள் தகப்பனார் வெட்டிய வாலைத் தேடியெடுத்து ஒட்டவைத்துக்கொள்ளுகிறார்கள். வால் இல்லாதவனைக் கண்டால், "எந்த ஊர்?" என்று கேட்டு, அடுத்தபடியாக "எந்தத் தெரு?" என்கிறார்கள். அக்கிரகாரமா, குடியானத் தெருவா, காலனியா என்று தெரிந்தபிறகுதான் நாற்காலியைக் காட்டுவதா, கொட்டகையைக் காட்டுவதா என்று தீர்மானிக்கிறார்கள்.

பட்டம் எங்கள் சரித்திரம், அதை விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சரித்திரம் கல்வெட்டில் இருக்கட்டும், புஸ்தகத்தில் இருக்கட்டும். அதைப் படிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பாட்டன் வாளைக் காட்சிசாலையில் வைக்கலாம். இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஏன் வரவேண்டும்?

வாலை வெட்டினால் ஜாதி போய்விடுமா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். போகாது. ஜாதியின் வேர் கலியாணத்திலும், நிலத்திலும், சுடுகாட்டிலும் இருக்கிறது. ஆனால் வாசலில் தொங்கும் விளம்பரப் பலகையைக்கூடக் கழற்ற மனமில்லாதவர், வீட்டுக்குள்ளிருக்கும் சரக்கைக் கொட்டிவிடுவார் என்று எப்படி நம்புவது?

துருக்கியின் காரியத்தையும் முழுவதும் புகழ நாம் தயாராயில்லை. பட்டத்தை ஒழித்த அதே சட்டசபை, பெயரின் வழியாகவே எல்லோரையும் துருக்கியராக்கப் பார்த்தது. அன்னிய இனத்தைக் காட்டும் பெயர் கூடாது, ஆர்மீனியரின் "யான்", கிரேக்கரின் "புலோஸ்" போன்ற முடிவுகள் கூடாது என்று விதி செய்தார்கள். குர்து ஜனங்கள் தங்களுக்குப் புரியாத பாஷையில் பெயர் சுமக்க நேர்ந்தது. பெயரைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் புருஷனுக்கே கொடுத்தார்கள். மனைவி புருஷன் பெயரையே சுமக்கவேண்டும் என்ற விதியை 2023ல்தான் அந்நாட்டு அரசியலமைப்புக் கோர்ட்டு செல்லாதென்று தள்ளிற்று. மனிதனுக்கு மனிதன் மேலில்லை என்பதற்காகப் பட்டத்தை ஒழிப்பது நியாயம். ஒரு கூட்டத்தின் பெயரைப் பிடுங்கி மற்றொரு கூட்டத்தின் பெயரை மாட்டுவது அக்கிரமம். ஒரே மனிதருக்கென்று ஒரு பெயரைச் சட்டம் போட்டு ஒதுக்குவதும் பகுத்தறிவுக்கு அவசியமான காரியமல்ல. ஆனால் அந்தப் பெயர் வாரிசில்லாமல் முடிந்தது பாருங்கள், அதுதான் நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம்.

நமக்குள்ளும் திருத்தவேண்டியது இருக்கிறது. நமது முதலெழுத்து தகப்பனார் எழுத்தாகவே இருக்கிறது. பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு ஒரு எழுத்துக்கூட இடமில்லை. தாயின் எழுத்தையும் சேர்த்துப் போட்டால் யாருடைய குடி முழுகிப்போகும்? வெளிதேசம் போகிற பிள்ளைகள், பாரத்தில் குடும்பப் பெயர் கேட்கிறான், ஆகையால் ஜாதிப் பட்டத்தைப் போட்டோம் என்று சாக்குச் சொல்லுகிறார்கள். தகப்பன் பெயரையோ தாய் பெயரையோ அந்த இடத்தில் எழுதினால் எந்தக் கப்பலும் ஆகாய விமானமும் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லாது.

ஆகவே காவேரிக் கரைத் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது என்னவென்றால், இந்தத் தை மாதம் உங்கள் வீட்டுக் கலியாணத்திற்குப் பத்திரிகை எழுதி அச்சாபீசுக்கு அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் பட்டத்தை மாத்திரமல்ல, சம்பந்தியின் பட்டத்தையும் அவரிடம் பேசி எடுத்துவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால், அந்தப் பட்டத்தை அவர் என்ன செய்து சம்பாதித்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை அச்சுக்கோர்ப்பவரைக் காத்திருக்கச் சொல்லலாம்.